பொன்னியின் செல்வன்: நூலின் முடிபும் படத்தின் முடிபும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தம் பெயரால் வழங்கிய வார இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு வரை எழுதிவந்த 'பொன்னியின் செல்வன்' என்னும் பெருங்கதை ஐந்து பாகங்களும் 293 அதிகாரங்களும் உடையது. அதனைத் திரையிற் காணவேண்டும் என்னும் அவா தமிழ் மக்களுக்கு நெடுநாளையது. 1958ஆம் ஆண்டிலேயே எம். ஜி. ஆர். அதனைப் படமாக்க முனைந்தார்; அஃது ஈடேறவில்லை. பின்னர்க் கமல்ஹாசன் அவர்களும் எண்ணினார், அதுவும் கைகூடவில்லை. 1999ஆம் ஆண்டில் 'மேஜிக் லாண்டர்ன்' குழுவினர் சென்னையில் அதனை நாடகமாக நடித்துக் காட்டினர். அந்நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேல் அவர்களும் ஜெயமோகன் அவர்களும் துணைநிற்க, மணிரத்னம் அவர்கள் இயக்கிய படம் ஈற்றில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. முதற்பகுதி 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பகுதி 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் கொட்டகைகளுக்கு வந்தன.

இரண்டாம் பகுதி வந்தபொழுது யாம் பள்ளி மாணவர். ஐந்து பாகங்களையும் முன்னரே படித்திருந்தமையால், கதையின் முடிபு திரையில் எவ்வாறு அமையும் என்பதே எமது ஏக்கமாயிருந்தது. படத்தைக் கண்டு வெளிப்போந்தபொழுது எம் உள்ளத்தில் உவகையும் மனக்குறையும் ஒன்றையொன்று வெல்லமாட்டாவாய் நின்றன. இன்றும் அவை அவ்வாறே நிற்கின்றன. 'படம் நன்று' என்போரோடு பேசும்பொழுது நூலின் பக்கமும், 'படம் நூலைக் கெடுத்தது' என்போரோடு பேசும்பொழுது படத்தின் பக்கமும் யாம் சாய்வதை நண்பர்கள் எடுத்துக்காட்டி நகைப்பதுண்டு. அவ்விரு மனத்திற்கும் காரணம் யாது என்பதை ஆராய்ந்து கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு இக்கதையில் ஒரு தனியுரிமை உண்டு என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் நலம். கதைத்தலைவன் அருள்மொழிவர்மனை மணக்கும் வானதி, கொடும்பாளூர் இளவரசி. அவளுடைய பெரிய தந்தை பூதி விக்கிரமகேசரி என்னும் பெரிய வேளார், சோழர் படைத்தலைவர். அக்கொடும்பாளூர் எம் மாவட்டத்தில் விராலிமலைக்கு அணித்தாக உள்ளது. அது கற்பனையூர் அன்று. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழிகள் பிரியுமிடமாகக் குறிக்கப்படும் கொடும்பை அதுவே என்பர். பெரியபுராணம் போற்றும் இடங்கழி நாயனாரும் அவ்வூர் வேளிர் குலத்தவரே. பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயில் இன்றும் அங்கே உளது. தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயராலும் அவன் மூன்று விமானங்கள் எடுத்தான். அவற்றுள் இரண்டே இப்பொழுது நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் ஒன்றே எஞ்சியது. கோயிலிலுள்ள வடமொழிக் கல்வெட்டு அவன் முன்னோர் வரிசையைக் கூறி, அவன் வீரபாண்டியனை வென்றதையும் கூறுகின்றது. அவனது காலத்தைப் பற்றி வரலாற்றறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு; ஆயினும் கல்கி அவர்கள் அவனைச் சுந்தர சோழன் காலத்தவனாகக் கொண்டே கதையை அமைத்தார். ஆகவே எம் ஊரார் இப்படத்தைக் காணச் சென்றபொழுது, தம் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குச் செல்வார்போல் சென்றனர் என்றால் அது மிகையன்று. கலியாண வீட்டிற் குறைகாண்பதில் உறவினரை மிஞ்சியவர் யார்?

ஒரு நூலை முதலாகக் கொண்டு மற்றொருவர் வேறொரு வடிவிற் செய்வது தமிழுக்குப் புதிதன்று. முதனூல், வழிநூல் என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியனார் மரபியலில் வகுத்தார். வழிநூல் செய்வோன் முதனூலைச் சுருக்கலாம், விரிக்கலாம், சுருக்கியும் விரித்தும் செய்யலாம், மொழிபெயர்த்தும் செய்யலாம் என நால்வகை நெறிகளை அவர் காட்டுவர். எழுத்திலிருந்து திரைக்குக் கொண்டுசெல்வதும் ஒருவகை மொழிபெயர்ப்பே அன்றோ? சொல்லின் மொழியிலிருந்து காட்சியின் மொழிக்குப் பெயர்ப்பது அது. எனவே, 'நூலில் உள்ளபடி இல்லை' என்பது ஒன்றே குற்றமாகாது. கம்பர் வான்மீகியின் வழிச்சென்றும் பலவற்றை மாற்றினார். அம்மாற்றங்களுக்காகவே அவரை இன்று போற்றுகின்றோம்.

எம்மனோர்க்கு இன்னும் அணுக்கமான சான்று எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்களின் 'இரட்சணிய யாத்திரிகம்'. ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678ஆம் ஆண்டு வெளியிட்ட உரைநடைக் கதையை முதலாகக் கொண்டு, 1894ஆம் ஆண்டு வெளிவந்த அப்பெருங்காப்பியத்தில், பனியன் கதையில் விரிவாகக் கூறப்படாத ஆண்டவருடைய பாடுகள் தனிப் படலமாகவே விரிந்து நிற்கின்றன. அதனைக் குறை என்பார் யாரும் இலர். பயணியின் சுமை எவ்விடத்தில் விழுந்தது என்பதைத் தமிழர் உள்ளம் உணரவேண்டுமாயின், அச்சிலுவைக் காட்சி அவர் கண்முன் நிற்கவேண்டும் எனப் பிள்ளையவர்கள் கருதினார் போலும். முதனூலின் உயிர்நிலை எது என்று தேர்ந்து, அதனைக் காப்பதற்காகவே மாற்றுவது நல்ல வழிநூலின் இலக்கணம் என்பது எம் கொள்கை. இவ்வளவுகோலைக் கொண்டே இப்படத்தின் முடிபையும் அளத்தல் வேண்டும்.

முதலிற் படத்துக்கு உரிய நியாயத்தைக் கூறுவோம். நூலின் முதலிரு பாகங்களாகிய 'புது வெள்ள'த்திலும் 'சுழற்காற்'றிலும் சேர்ந்து 110 அதிகாரங்கள். இளவரசனும் வந்தியத்தேவனும் கடலிற் சிக்கும் இடம்வரை முதற்படம் அவற்றை ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்திற் சொல்லியது. எஞ்சிய 'கொலை வாள்', 'மணிமகுடம்', 'தியாக சிகரம்' ஆகிய மூன்று பாகங்களில் 183 அதிகாரங்கள். அவற்றுள் ஐந்தாம் பாகத்தில் மட்டுமே 91. இவ்வளவையும் இரண்டாம் படம் அதே இரண்டே முக்கால் மணியில் அடக்கவேண்டியதாயிற்று. வாரந்தோறும் சிறிது சிறிதாக மூன்றரை ஆண்டுக்கு மேலாக வாசகர் அருந்திய அமுதை ஒரே மிடற்றில் விழுங்கச் செய்வது எத்திறத்தார்க்கும் அரிது. எது போம், எது நிற்கும் என்பதே வினா. போகாது என்பது வினாவன்று.

அந்நெருக்கடியிலும் ஆதித்த கரிகாலன் முடிவைப் படம் அமைத்த திறம் எம்மை வியப்பித்தது. நூலில் அக்கொலை இருளில் நிகழ்வது. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகின்றது. மறைந்து நிற்போர் பலர். கொன்றவர் யார் என்பதை ஆசிரியர் ஐயத்திலேயே விடுகின்றார். வரலாறும் அங்ஙனமே. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டில், சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனக் குறிக்கின்றது. அவர் அது செய்த காரணம் அதில் இல்லை. கல்கி அவ்விருளை ஒரு துப்பறியும் கதையின் இருளாக்கினார். படமோ இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே கரிகாலனும் நந்தினியும் இளமையிற் கொண்ட காதலைக் காட்டிவிட்டு, இறுதியில் அவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தி, கரிகாலன் தன் சாவைத் தானே வரவேற்பதாக அமைத்தது. விக்ரம், ஐசுவரியா ராய் ஆகிய இருவர் முகங்களே அங்குக் கதை சொல்லின. 'கொன்றவன் யார்' என்னும் வினா போய், 'இவர்கள் இவ்வாறு ஆனது ஏன்' என்னும் வினா எழுந்தது. நூலைப் படியாத எம் தோழர் ஒருவர் அவ்விடத்தில் கண்கலங்கினார். படித்த யாமும் கலங்கினோம். சுருக்குதலும் ஒரு கலை என்பதற்கு அக்காட்சி சான்று.

இனி எம் மனக்குறைக்கு வருவோம். 'தியாக சிகரம்' என்பது ஐந்தாம் பாகத்தின் பெயர். அப்பெயரே கதையின் உயிர்நிலை எது என்பதை அறிவிக்கும். தஞ்சை நகரே திரண்டு அருள்மொழிவர்மனுக்கு முடிசூட்ட நிற்கும்பொழுது, அவன் அம்முடியை எடுத்து வேறொருவர் தலையிற் சூட்டிவிடுகின்றான். இது முற்றும் கற்பனையன்று. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, தன் சிற்றப்பன் அரசை விரும்பிய வரையில் அருள்மொழி அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்னும் கருத்தைக் கூறுகின்றது. அவ்வாறே உத்தம சோழன் முன்னர் ஆண்டான். 985ஆம் ஆண்டிலேதான் இராசராசன் அரியணை ஏறினான். செப்பேட்டின் அச்சிறு குறிப்பிலிருந்தே கல்கி தம் கதையின் கோபுரத்தை எழுப்பினார் எனலாம்.

ஆயின் நூலில் முடிபெறுபவன் யாவன்? தஞ்சையில் நந்தவனம் வைத்துத் திருக்கோயிலுக்குப் பூமாலை தொடுத்துத் தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதன். செம்பியன் மாதேவியின் மகனாக அரண்மனையில் வளர்ந்து அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் அவள் வயிற்றிற் பிறந்தவன் அல்லன். ஊமைத்தாய் ஒருத்தியின் குடிலில் வளர்ந்த பூக்காரப் பிள்ளையே மெய்யான இளவரசன் என்பது மெல்ல மெல்ல வெளியாகின்றது. மகவு மாறிய இக்கதை கல்கியின் படைப்பு; வரலாற்றில் இல்லை. படத்தில் அது முற்றும் நீக்கப்பட்டது. சேந்தன் அமுதன் சிறு பாத்திரமாய் வந்து போகின்றான். அருண்மொழி (படம் இப்பெயரையே வழங்குகின்றது) முடியை மதுராந்தகனுக்கே சூட்டுகின்றான். முடிபுக்கு முன் இராட்டிரகூடரோடு ஒரு பெரும்போரும் சேர்க்கப்பட்டுள்ளது. அது நூலில் இல்லாதது.

படத்தார் இதனை ஏன் நீக்கினர் என்பது விளங்காததன்று. மகவு மாறிய மறைபொருளை வாசகர் ஏற்கவேண்டுமாயின், அதற்குரிய வித்துகளை முன்னரே பல இடங்களில் ஊன்றல் வேண்டும். கல்கி அவ்வாறே செய்தார். வித்தூன்ற இடமில்லாத படம் கனியை மட்டும் காட்டினால், கொட்டகையில் நகைப்பொலியே எழும். அன்றியும் உத்தம சோழன் செம்பியன் மாதேவியின் மெய்ம்மகனே என்னும் வரலாற்றுக்குப் படத்தின் முடிபே அணுக்கமானது. இதனை யாம் ஒப்புகின்றோம்.

ஒப்பியபின்னும் ஒரு குறை நிற்கின்றது. அஃது எம் கொடும்பாளூரைப் பற்றியது; ஊர்ப்பற்றினாற் சொல்கின்றோம் என்று எண்ணற்க.

துறவு என்பது துறக்கப்படும் பொருளின் கனத்தினால் அளக்கப்படுவது. நூலின் ஐந்தாம் பாகத்தில் அக்கனத்தை ஏற்றுபவர் பெரிய வேளாரே. அருள்மொழிக்கே முடி என்னும் உறுதியோடு அவர் தென்திசைப் படையைக் கொண்டுவந்து தஞ்சைக் கோட்டையைச் சூழ்கின்றார். அவரது உறுதியில் நாட்டன்பும் உண்டு. தம் குலக்கொடி வானதி சோழப் பேரரசி ஆகவேண்டும் என்னும் ஆசையும் உண்டு. அவ்வாசை இழிவானதும் அன்று. அவள் தந்தை சிறிய வேளார் சோழர்க்காக ஈழப்போரில் உயிர் கொடுத்தவர். தந்தையற்ற பெண்ணை வளர்த்த பெரியோர் எவரும் கொள்ளக்கூடிய ஆசையே அது. ஆகவே அருள்மொழி முடியை மறுக்கும்பொழுது பகைவரை அன்று, தன்னை நேசிப்பாரை எதிர்த்து நிற்கின்றான். படை அவன் பக்கம், மக்கள் அவன் பக்கம், பெண் கொடுக்கும் மாமனார் அவன் பக்கம். அத்தனை பேருடைய அன்பையும் மீறி அறத்தின் பக்கம் போவதே அத்துறவின் அருமை.

வானதியின் செய்தியோ இன்னும் நுட்பமானது. கதைத்தொடக்கத்தில் எதற்கெடுத்தாலும் மூர்ச்சையாகி விழுபவள் அவள். தோழியர் எள்ளி நகையாடுவர். அத்தகையவளே, அரசியாகும் ஆசையினாலேதான் இளவரசரை விரும்புகின்றாள் என்று பூங்குழலி சொன்ன சொல்லால் நெஞ்சு புண்பட்டு, சோழ சிங்காதனத்தில் ஒருநாளும் அமரேன் என்று சூளுரைக்கின்றாள். அருள்மொழி முடியைத் துறப்பதற்கு முன்னரே கொடும்பாளூர்ப் பெண் அதனைத் துறந்துவிட்டாள்! வரலாற்றில் இராசேந்திரனை ஈன்றவளாக அறியப்படும் வானவன் மாதேவியே இவ்வானதி என்பது கல்கியின் கொள்கை. இவ்விடத்தைப் படித்தபொழுது எமக்கு உண்டான பெருமிதம் இவ்வளவிற்று என்று சொல்ல இயலாது. மூவர் கோயிலின் முன்புறத்திற் புல் தின்னும் ஆடுகளிடையே நிற்கும்பொழுது, 'இவ்வூர்ப் பெண் ஒருத்தி அரியணையை வேண்டாம் என்றாள்' என்று எண்ணுவது, அது கற்பனையே ஆயினும், இனிது.

படத்தில் வானதிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. பிரபு அவர்கள் ஏற்ற பெரிய வேளாரும் படைத்தலைவராய் நிற்கின்றாரேயன்றி, அருண்மொழியின் நெஞ்சை இருபுறமும் இழுக்கும் ஆற்றலாய் நிற்கவில்லை. அதனால் விளைந்த கேடு யாதெனில், முடிசூட்டுக் காட்சி வந்தபொழுது கொட்டகையில் இருந்தோர் அதன் எடையை உணர்ந்திலர். போர்முழக்கம் கேட்டுச் செவி மரத்திருந்த வேளை அது. எம் அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "அவ்வளவுதானா?" என்று கேட்டபடியே செருப்பைக் காலால் தேடினார். நூலின் சிகரமாகிய இடம் படத்தில் ஒரு படிக்கட்டாகிவிட்டது. சேர்த்த போருக்குச் செலவிட்ட நேரத்திற் பாதியைத் தஞ்சைக் கோட்டை வாயிலுக்குக் கொடுத்திருக்கலாகாதா என்று இன்றும் எண்ணுகின்றோம்.

எனினும் எம் மனம் ஒருபாற்பட்டு நிற்கவில்லை என்று முன்னரே கூறினோம். படத்தின் முடிபைப் பலநாள் எண்ணிப் பார்த்தபொழுது வேறொன்றும் தோன்றியது. நூலில் அருள்மொழி முடியைக் கொடுப்பது தகுதியுடைய ஒருவனுக்கு; அதனை வேண்டாத ஒருவனுக்கு; குற்றமற்ற ஒருவனுக்கு. சேந்தன் அமுதனுக்குக் கொடுப்பதில் நெஞ்சுக்கு நோவு இல்லை. படத்திலோ அவன் கொடுப்பது, தன் குடும்பத்துக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தவரோடு கூடிய மதுராந்தகனுக்கு. தன் தந்தை நோயாய்க் கிடக்கையில் அவர் அரியணையை விழைந்தவனுக்கே அவ்வரியணையைத் தருதல் எளிதான செயலோ? நல்லார்க்கு நன்மை செய்வாரும் உலகில் உளர்; பகைத்தார்க்கு நன்மை செய்வதே மேலானது என்று மலைப்பிரசங்கத்திற் கற்ற எமக்கு, இம்முடிபின் உள்ளே நூலினும் கடினமானதோர் அறம் மறைந்து கிடப்பது புலப்பட்டது. திருமறையில் சவுலின் மைந்தன் யோனத்தான், தனக்கு வரவேண்டிய அரசு தாவீதுக்குப் போகும் என்று அறிந்தும் அவனை நேசித்தான். தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றிக் கொடுத்தான். ஆனால் தாவீது அவனுக்கு உயிர்நண்பன். மதுராந்தகன் அருண்மொழிக்கு நண்பனும் அல்லன்.

அத்தகையதோர் அரிய பொருள் கையகப்பட்டும் படத்தார் அதனை விளக்காது விரைந்து சென்றுவிட்டனர். மதுராந்தகன் முகத்தில் அவ்வேளை வெட்கம் தோன்றியதா, நன்றி தோன்றியதா, ஐயம் தோன்றியதா? ரகுமான் போன்ற தேர்ந்த நடிகர்க்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் அதனை அவர் காட்டியிருப்பார். நூலின் முடிபை எடுத்துவிட்டனர், அதனிடத்தில் வேறொரு நல்ல முடிபுக்கு அடித்தளம் இட்டனர், விமானம் எழவில்லை. எம் உவகையும் குறையும் ஒன்றாய் நிற்பது இதனாலேயே. மாற்றினார்கள் என்பதற்காக அன்று. மாற்றியதை முழுதும் நம்பவில்லை என்பதற்காகவே வருந்துகின்றோம். கிருஷ்ண பிள்ளையவர்கள் சேர்த்த பகுதியைத் தம் நூலின் நடுவிடத்தில் துணிந்து வைத்தார் என்பதை ஈண்டு ஒப்புநோக்குக.

மணிமேகலையைப் பற்றியும் ஒரு சொல் கூறாதிருக்க இயலவில்லை. கந்தமாறன் தங்கையாகிய அப்பேதைப் பெண், வந்தியத்தேவனைக் காப்பதற்காகக் கரிகாலனைக் கொன்றவள் தானே என்று பொய்ப்பழியை ஏற்கின்றாள். பின்னர் அறிவு திரிந்து, அவன் மடியிலேயே உயிர் நீங்குகின்றாள். நூலின் கடைசி அதிகாரம் அவள் சாவுதான். 'மலர் உதிர்ந்தது' என்பது அதன் தலைப்பு. ஐந்து பாகங்கொண்ட அரசியற் பெருங்கதையை ஆசிரியர் அரசர் யாரோடும் முடிக்காமல், எவரும் பெரிதாக எண்ணாத ஒரு பெண்ணோடு முடித்தார். படத்தில் அவள் இல்லை. இதற்கு மட்டும் யாம் எந்நியாயமும் கூறமாட்டோம்.

பிற நாட்டாரும் இத்தகைய மனநிலைக்கு ஆளானதுண்டு. டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் ஆங்கிலக் கதையைப் பீட்டர் ஜாக்சன் மூன்று படங்களாக்கினார். 2003ஆம் ஆண்டு வந்த மூன்றாம் படம் பதினொரு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஆயினும், வீரர் நால்வர் வெற்றியோடு ஊர் திரும்ப, அவ்வூரே பாழ்பட்டுக் கிடப்பதாகிய பகுதி அதில் இல்லை. அப்பகுதி தொடக்கத்திலேயே தம் எண்ணத்தில் இருந்ததென்று டோல்கீன் முன்னுரையில் எழுதியுள்ளார். அதனால் நூலன்பர்க்கு அவ்விழப்பு ஆறாத வடு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் செய்தி இதற்கு மறுதலை. 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்கள் ஓடிய அத்தொடர், மூல ஆசிரியர் ஜார்ஜ் மார்ட்டின் கதையை முடிக்கு முன்னரே முடிந்துவிட்டது. கடைசிப் பருவத்தைக் கண்டு அன்பர் பலர் சினந்தனர். அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முடிபுற்ற நூல் இல்லை. எமக்கு எழுபது ஆண்டுக்கு முன்னரே முடிந்த நூல் கையில் உண்டு. இவ்விரண்டில் எது பெரிய துன்பம் என்பதை யாம் அறுதியிடமாட்டோம்.

எழுபது ஆண்டு என்றோம். 1954ஆம் ஆண்டில் நூல் முடிந்தபொழுது வாசகர் யாவரும் மனநிறைவோடு இதழை மூடிவைத்தனர் என்று எண்ணுவோர், அதன் இறுதியில் உள்ள முடிவுரையைப் படித்தல் வேண்டும். கதை சட்டென்று முடிந்துவிட்டதென்று நேயர் பலர் குறைப்பட்டதைக் கல்கி அவர்களே அதிற் குறிப்பிடுகின்றார். குந்தவையும் வந்தியத்தேவனும் மணந்தனரா, நந்தினி என்ன ஆனாள் என்பன போன்ற ஐயங்களுக்குப் பின்னிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்லி விடை தருகின்றார். (தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகவே குறிப்பதால், முதல் ஐயத்துக்குக் கல்லே விடை.) அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விட்ட இழையை எடுத்து விக்கிரமன் அவர்கள் 'நந்திபுரத்து நாயகி' எனத் தனிப்புதினமே எழுதினார். படத்தின் முடிபைப் பற்றி இன்று யாம் அடையும் மனக்குறையை நூலின் முடிபைப் பற்றி அன்றைய வாசகரும் ஒருவாறு அடைந்திருந்தனர் என்பது, சினங்கொண்ட எம் நண்பர் சிலர்க்கு ஆறுதலாகலாம். எமக்கு அது வியப்பாகவே இருந்தது.

நம் கல்லூரி நூலகத்தில் இக்கதையின் முதற்பாகம் பலர் கைபட்டுத் தைப்பு விட்டுக் கிடக்கின்றது. ஐந்தாம் பாகமோ ஏறத்தாழப் புத்தம்புதிதாய் உளது. படத்தைக் கண்டு முதற்பாகத்தை எடுத்தோர் பலர் இடையிலே நின்றுவிட்டனர் போலும். அவர்கள் கடைசிப் பாகத்தில் தஞ்சைக் கோட்டையைக் கொடும்பாளூர்ப் படை வளைக்கும் பகுதியிலிருந்தேனும் எடுத்துப் படிப்பாராக. முடிவுரை அதன் கடைசித் தாள்களில் இருக்கின்றது. அட்டையோடு ஒட்டிய தாளாகையால் சிறிது பார்த்துப் பிரிக்கவேண்டும்.